கோட்டிங்குக்கு அனுப்பும் முன் டூலின் வெட்டு விளிம்பைத் தயார் செய்வது எப்படி: ஒரு 10 மி.மீ எண்ட் மில்லை வைத்து முழு வழிகாட்டி

சாணை பிடித்து முடித்த கார்பைடு எண்ட் மில்லை (சுழன்று உலோகத்தைச் செதுக்கும் டூல்; கார்பைடு அதன் கடினமான பொருள்) நகத்தில் வைத்து இழுத்துப் பார்த்துவிட்டு "பிளேடு மாதிரி இருக்குண்ணே" என்று பையன் சொன்னால் முன்பெல்லாம் எனக்குப் பெருமையாக இருக்கும். இப்போது அதே வார்த்தையைக் கேட்டால், இதை இப்படியே கோட்டிங்குக்கு அனுப்பிவிடுவானோ என்று பயம்தான் வருகிறது.

காரணம் ஒரு பழைய சண்டை. கோவையில் எங்கள் ரீகிரைண்டிங் (மழுங்கிய டூலை மறுபடி சாணை பிடிக்கும்) பட்டறைக்கு வரும் ஒரு வாடிக்கையாளர் இஎன் 24 என்ற உறுதியான ஸ்டீல் ஷாஃப்டுகளில் ஸ்லாட் (நீளப் பள்ளம்) போடுகிறவர். அவருக்காக நான்கு ஃப்ளூட் (சுருள் பள்ளம், பள்ளத்துக்கு ஒரு வெட்டும் பல்) 10 மி.மீ எண்ட் மில்களைப் புது வீலில் கூர் தீட்டி, நேரே கோட்டிங்குக்கு அனுப்பினோம். டைட்டானியம் அலுமினியம் நைட்ரைடு என்ற கடினப் படலம், கத்தரிப்பூ நிறத்தில் அழகாக வந்தது. மெஷினில் ஏற்றிய அன்றைக்கே விளிம்பு நெடுக வெள்ளைக் கோடு, அதாவது கோட்டிங் உரிந்து கார்பைடு பல்லைக் காட்டுகிறது. கோட்டிங் போட்டவர்களிடம் சண்டை போடத்தான் போனேன். அங்கிருந்த பெரியவர் எதுவும் பேசாமல், கோட்டிங் போடாமல் மிச்சம் இருந்த எங்கள் டூல் ஒன்றை வாங்கி மைக்ராஸ்கோப்பில் வைத்து "பாருங்க தம்பி" என்றார். எலி கடித்த ரொட்டி ஓரம் மாதிரி இருந்தது. அதன் மேல் இரண்டரை மைக்ரான் (மி.மீ-இல் ஆயிரத்தில் ஒரு பங்குதான் ஒரு மைக்ரான்) படலம் எதைப் பிடித்துக்கொண்டு நிற்கும்? தப்பு முழுக்க எங்களுடையது.

அதற்குப் பிறகு நாங்கள் கற்றுக்கொண்டதைத்தான் வரிசையாக எழுதுகிறேன். முழுக்க அந்த 10 மி.மீ எண்ட் மில்லை வைத்தே போகலாம், ட்ரில்லும் அலுமினியமும் வரும் இடத்தில் தனியாகச் சொல்கிறேன்.

கூராக இருப்பது ஏன் போதாது

எண்ட் மில்லுக்குப் போடும் பிவிடி (வெற்றிடத்தில் ஆவியாக்கிப் படிய வைக்கும்) கோட்டிங் பெரும்பாலும் 2 முதல் 4 மைக்ரான் தடிமன். இந்தப் படலம் சும்மா படுத்திருப்பதில்லை, எப்போதும் உள்ளுக்குள் நெருக்கிக்கொண்டே இருக்கும். தட்டையான முகத்தில் அந்த நெருக்கல் நல்லது, விரிசல் ஓடாமல் தடுக்கும். ஆனால் விளிம்பில் படலம் மடிந்து வளைகிற இடத்தில் அதே நெருக்கல் படலத்தை அடியிலிருந்து வெளியே தள்ளும் விசையாக மாறிவிடுகிறது. வளைவு எவ்வளவு சின்னதோ, படலம் எவ்வளவு தடிமனோ, தள்ளல் அவ்வளவு அதிகம். அதனால்தான் "இன்னும் கொஞ்சம் தடிமனா போடுங்க, ஆயுள் கூடும்" என்று கூரான டூலைக் கொடுத்துக் கேட்பது தானே குழி வெட்டிக்கொள்வது.

இன்னொன்று, கோட்டிங் போடும் வெற்றிடச் சேம்பருக்குள் மின்புலம் கூரான முனையில்தான் குவியும், அயனிகள் அங்கேதான் அதிகம் மோதும். முகத்தில் ஒரு மாதிரி, நுனியில் ஒரு மாதிரியாகப் படலம் வளர்கிறது. போதாக்குறைக்கு, வீல் விட்டுப்போன மெல்லிய கார்பைடு விளிம்பு முதல் வெட்டிலேயே நொறுங்கும்போது மேலே ஒட்டியிருக்கும் கோட்டிங்கையும் கூட்டிக்கொண்டு போகும்.

ஆகவே நாம் செய்யப்போவது கூரைத் தீட்டுவது இல்லை, அளந்து மழுக்குவது. கேட்க விநோதமாக இருக்கும், ஆனால் வேலை அதுதான்.

முதலில் கணக்கு, அப்புறம் மெஷின்

விளிம்பை எத்தனை மைக்ரான் ஆரத்துக்கு உருட்ட வேண்டும் என்பதைக் கிரைண்டிங்குக்கு முன்பே முடிவு செய்யுங்கள். இதற்கு டூல் கேட்டலாக் வேண்டாம், சிப் (வெட்டும்போது வரும் உலோகச் சுருள்) எவ்வளவு தடிமன் என்று தெரிந்தால் போதும். விளிம்பின் ஆரத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குக்குக் கீழே சிப் தடிமன் போனால் டூல் வெட்டாது, உலோகத்தை அமுக்கித் தேய்த்துக்கொண்டு போகும் என்பது பொதுவான கணக்கு (மெட்டீரியலைப் பொறுத்துக் கொஞ்சம் மாறும்).

நம் எண்ட் மில்லை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பல்லுக்கு ஃபீட் (டூல் முன்னேறும் தூரம்) 0.05 மி.மீ, பக்கவாட்டில் எடுக்கும் வெட்டு 0.5 மி.மீ. பக்க வெட்டு இவ்வளவு குறைவாக இருக்கும்போது சிப் தடிமன் 0.05 வராது, அதிகபட்சமே சுமார் 0.022 மி.மீ, அதாவது 22 மைக்ரான். அதுவும் ஒரு கணத்துக்குத்தான். வெட்டு தொடங்கும் அல்லது முடியும் இடத்தில் சிப் பூஜ்யத்திலிருந்து வளர்கிறது அல்லது பூஜ்யத்துக்குத் தேய்கிறது. இந்த டூலுக்கு 25 மைக்ரான் ஆரம் வைத்தால் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நேரம் தேய்த்துக்கொண்டிருக்கும், சூடேறும், சத்தம் போடும். 8 மைக்ரான் வைத்தால் நிம்மதியாக வெட்டும், படலத்தைத் தாங்கவும் போதும்.

கோட்டிங் போட்டபின் ஆரம் கூடும் என்பதை மறக்க வேண்டாம். 8 மைக்ரான் விளிம்பின் மேல் 2.5 மைக்ரான் படலம் ஏறினால் கடைசி ஆரம் 10.5 பக்கம் வந்துவிடும். இறுதியில் 10 வேண்டுமானால் 7 அல்லது 8-இல் நிறுத்துங்கள்.

மற்றவற்றுக்கு நான் தொடங்கும் அளவுகள்: ஸ்டீலுக்கான கார்பைடு ட்ரில் 15 முதல் 30, காஸ்ட் அயர்ன் ட்ரில் அதற்கும் கொஞ்சம் மேலே, ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் எண்ட் மில் 5 முதல் 8. அலுமினியம் தனி ஜாதி. அங்கே கூர் வேண்டும், ஃப்ளூட் கண்ணாடி மாதிரி வேண்டும், 3 முதல் 5 மைக்ரானுக்கு மேல் போகவே வேண்டாம். போனால் விளிம்பில் அலுமினியம் அப்பிக்கொள்ளும். இவை தொடக்கம் மட்டுமே, உங்கள் மெஷினின் ஆட்டமும் ஹோல்டரின் ரன் அவுட்டும் (டூல் மையம் விலகிச் சுற்றுவது) கடைசி எண்ணை மாற்றும்.

பழைய கோட்டிங் இருந்தால்

ரீகிரைண்டிங் டூல் என்றால் பழைய கோட்டிங்கை ரசாயனத்தில் கரைத்து எடுப்பார்கள், பெரும்பாலும் ஹைட்ரஜன் பெராக்சைடு கலந்த கரைசல். அது கோட்டிங்கை மட்டும் தின்னாது, நேரம் கூடினால் கார்பைடைப் பிணைத்து வைத்திருக்கும் கோபால்ட்டையும் தின்னும். கோபால்ட் போன மேல்தோல் மணல் மாதிரி, மேலே என்ன போட்டாலும் தோலோடு உரியும். எனவே முதலில் ஸ்ட்ரிப்பிங், பிறகு கிரைண்டிங் என்ற வரிசையை மாற்றாதீர்கள். கிரைண்டிங்கில் அந்த கெட்டுப்போன தோலும் சேர்ந்து போய்விடும். அவசரத்தில் தலைகீழாகச் செய்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

கிரைண்டிங்: பாதி வேலை இங்கேயே முடிகிறது

ஒரே ஒரு விதியைத்தான் என் பட்டறைச் சுவரில் எழுதி வைத்திருக்கிறேன்: விளிம்பில் இருக்கும் பொக்கை (நொறுங்கிய பள்ளம்), நாம் வைக்கப்போகும் ஆரத்தைவிடச் சின்னதாக இருக்க வேண்டும். பொக்கை 10 மைக்ரான் ஆழம், ஆரம் 8 மைக்ரான் என்றால், எந்தப் பாலிஷும் அதை மறைக்காது. விளிம்பு உருண்டிருக்கும், நடுநடுவே பள்ளமும் அப்படியே இருக்கும், கோட்டிங் முதலில் உரிவது அந்தப் பள்ளத்தில்தான்.

ஃப்ளூட்டை டி64 டைமண்ட் வீலில் (எண் வைரத் துகளின் அளவு) வெட்டினாலும், கிளியரன்ஸை (விளிம்புக்குப் பின்னால், வேலைப்பொருளைத் தொடாமல் சாயும் முகம்) டி46 அல்லது அதைவிட மெல்லிய வீலில் குறைந்த ஃபீடில் கடைசி பாஸ் கொடுங்கள். வீல் மழுங்கி மினுமினுத்தால் வெள்ளை ஸ்டிக்கை வைத்து ட்ரெஸ் பண்ணுங்கள் (மழுங்கிய மேல்பரப்பைச் சுரண்டிப் புதுசாக்குவது). "இன்னும் நாலு டூல் ஓடும்" என்று நினைக்கிற அந்த நாலு டூல்தான் திரும்பி வரும். கூலன்ட் ஆயிலின் ஃபில்டரையும் பாருங்கள், ஆயிலில் சுற்றும் கார்பைடுத் தூள் முடித்த முகத்தில் கீறல் போடும். தண்ணீர் கலந்த கூலன்டில் கார்பைடு அரைக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை: அதில் கோபால்ட் கரையும், அதன் தெளிப்பைச் சுவாசிப்பது நுரையீரலுக்குக் கேடு. அதற்கென்று தயாரித்த கூலன்டும் நல்ல எக்ஸாஸ்டும் இல்லாமல் ஓட்டாதீர்கள்.

ஹெச்எஸ்எஸ் (ஹைஸ்பீட் ஸ்டீல்) டூல் என்றால் வேறு தொல்லை. அது நொறுங்காது, விளிம்பில் பர் (மெல்லிய பிசிறு) விடும். பர்ரின் மேல் கோட்டிங் ஏறினால் முதல் வெட்டில் பர்ரும் கோட்டிங்கும் கைகோத்துக்கொண்டு போய்விடும். பர்ரைப் பிரஷ்ஷில் எடுக்காமல் அனுப்பவே கூடாது.

சதுர மூக்கு எண்ட் மில்லின் கார்னரைக் கவனியுங்கள். அடுத்த படியில் மற்ற இடத்தைவிட அங்கே அதிகம் தேயும். வாடிக்கையாளருக்கு ஒத்துவந்தால் 0.1 மி.மீ அளவில் 45 டிகிரி சேம்ஃபர் (சரிவு வெட்டு) கிரைண்டிங்கிலேயே போட்டுவிடுங்கள், கார்னர் நொறுங்கும் பிரச்சினை பாதி குறையும்.

பார்க்காமல் அடுத்த படி இல்லை

நகமும் கண்ணும் போதாது, பெருக்கிப் பார்க்க வேண்டும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் துடைத்துவிட்டு 200 மடங்கு பெருக்கும் டிஜிட்டல் மைக்ராஸ்கோப்பில் ஒவ்வொரு ஃப்ளூட்டின் விளிம்பையும் ஓடிப் பாருங்கள். பொக்கை அதிகம் இருந்தால் இங்கேயே திருப்பி அனுப்புங்கள். மழுக்குவதில் சரியாகிவிடும் என்று தள்ளிவிட்டால், கோட்டிங் செலவும் சேர்ந்து வீணாகும்.

மழுக்குவதற்கு எந்த வழி

பெரிய பட்டறைகளில் ட்ராக் ஃபினிஷிங். டூல்களை ஹோல்டரில் மாட்டி, வால்நட் ஓட்டுத் தூளும் சிலிக்கான் கார்பைடும் கலந்த தொட்டிக்குள் இறக்கி, தன்னைத்தானே சுற்றியபடி தொட்டியையும் சுற்றி இழுப்பார்கள். களி கிண்டுவது மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள், கரண்டிக்குப் பதிலாக டூல். விளிம்பு சீராக உருள்கிறது, ஃப்ளூட்டும் கூடவே பாலிஷ் ஆகிறது, சிப் வழுக்கிக்கொண்டு வெளியேறுவது உபரி லாபம். எங்களிடம் இப்போது இருப்பது இதுதான், எனவே இதைப் பற்றிக் கொஞ்சம் அதிகம் சொல்கிறேன்.

முதல் தடவை ஒரு டூலுக்கு நேரம் கண்டுபிடிக்க நாலு டூலைத் தியாகம் செய்யுங்கள். ஒன்றுக்கு 1 நிமிடம், அடுத்ததற்கு 2, பிறகு 4, பிறகு 6. ஒவ்வொன்றின் ஆரத்தையும் அளந்து தாளில் கோடு போடுங்கள். தொடக்கத்தில் மளமளவென்று ஏறி, பிறகு மெதுவாகும். விளிம்பு உருண்டபிறகு எடுக்க வேண்டிய பொருள் அதிகம் என்பதால் அப்படி. உங்களுக்கு வேண்டிய 8 மைக்ரான் கோட்டில் எங்கே விழுகிறது என்று பார்த்து நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பாதி நேரம் வலமாகவும் பாதி இடமாகவும் சுற்ற வையுங்கள். ஒரே பக்கம் சுற்றினால் ஆரம் ஒரு பக்கமாகச் சாயும்.

இரண்டு பொறிகள் உண்டு. ஒன்று, மீடியா (தொட்டியில் இருக்கும் தூள்) பழசாகும். போன மாதம் 4 நிமிடத்தில் வந்த ஆரம் இந்த மாதம் 5 நிமிடம் கேட்கும், எனவே ஒவ்வொரு பேட்சிலும் ஒரு டூலையாவது அளக்க வேண்டும். இரண்டு, 6 மி.மீ டூலையும் 16 மி.மீ டூலையும் ஒரே பேட்சில் போடாதீர்கள், ஒரே அமுக்கமும் வேகமும் அவற்றுக்குக் கிடைக்காது. இறக்கும் ஆழமும் மாறக் கூடாது, அடியில் அழுத்தம் அதிகம்.

அவ்வளவு பணம் இல்லாதவர்களுக்குப் பிரஷ். சிலிக்கான் கார்பைடோ டைமண்டோ கலந்த நைலான் பிரஷ்ஷை ஸ்பிண்டிலில் மாட்டி, கிரைண்டிங் மெஷினிலேயே ஒரு புரோகிராம் எழுதி ஓட்டலாம். ட்ரில்லின் முனைக்கும் இன்சர்ட்டுக்கும் (ஹோல்டரில் மாட்டும் சின்ன வெட்டு வில்லை) நன்றாக வரும். எண்ட் மில்லின் சுருள் விளிம்பில் பிரஷ் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி தொடுவதற்குப் பாடுபட வேண்டும். பிரஷ்ஷின் மயிர் தேயத் தேய விட்டத்தைத் திருத்திக்கொண்டே இருங்கள்.

வெட் பிளாஸ்டிங் இன்னொரு வழி, மெல்லிய அலுமினா தூளைத் தண்ணீரோடு பீய்ச்சுவது. வேகமானது, முகத்தையும் சேர்த்துச் சுரசுரப்பாக்கிக் கோட்டிங் பிடிக்க உதவும். நாசிலின் கோணம் கொஞ்சம் மாறினால் ஆரமும் மாறிவிடும் என்பதால், சின்ன ஆரத்துக்கு நான் இதை நம்புவதில்லை. கையில் டைமண்ட் ஸ்டிக் வைத்து ட்ரில் முனையை ஒரு இழுப்பு இழுக்கிற பழைய முறை? ஒரு டூலுக்குச் செய்யலாம், கை பழகிய ஆள் இருந்தால். ஐம்பது டூலுக்கு ஐம்பது ஆரம் வரும்.

அளவெடுப்பதில் ஏமாறாதீர்கள்

ஆரம் என்று ஒரே எண்ணைச் சொன்னாலும், விளிம்பு எப்போதும் அரைவட்டம் மாதிரி அழகாக இருக்காது. ரேக் முகத்தின் (சிப் வழுக்கி ஏறும் முகம்) பக்கம் எவ்வளவு தூரம் தேய்ந்திருக்கிறது, கிளியரன்ஸ் பக்கம் எவ்வளவு என்று இரண்டையும் அளந்து, முதலாவதை இரண்டாவதால் வகுத்தால் வருவதற்கு கே ஃபேக்டர் என்று பெயர். 1 என்றால் இரு பக்கமும் சமம். 1-க்கு மேல் என்றால் ரேக் பக்கம் சாய்வு, கீழே என்றால் கிளியரன்ஸ் பக்கம். கிளியரன்ஸ் பக்கம் சாய்ந்தால் வேலைப்பொருளோடு உராயும் பரப்பு கூடும், சூடும் பக்கத் தேய்மானமும் கூடும். புதிதாகத் தொடங்குகிறவர்கள் 1-ஐ ஒட்டியே இருங்கள், சாய்த்து விளையாடுவதெல்லாம் அளவு கைக்கு வந்தபிறகு.

இதற்கென்றே ஆலிகோனா, ஜிஎஃப்எம், ஜோலர் போன்றவர்களின் ஆப்டிகல் கருவிகள் இருக்கின்றன, விலையைக் கேட்டால் மயக்கம் வரும். சின்ன பட்டறைக்கு வழி, பேட்சுக்கு ஒரு டூலை வெளியே கொடுத்து அளப்பது. வாடிக்கையாளரின் டூலைத் தர முடியாது என்றால் விளிம்பில் சிலிகான் அச்சு எடுத்து அந்த அச்சை அளக்கலாம் (அச்சு எடுத்த டூலை நன்றாகக் கழுவுங்கள், சிலிகான் பிசுக்கு கோட்டிங்குக்குப் பரம விரோதி). அளக்கும்போது ஒரு ஃப்ளூட்டில் ஒரு இடம் மட்டும் பார்த்துவிட்டு எழுதாதீர்கள். நான்கு ஃப்ளூட்டிலும், ஒவ்வொன்றிலும் முனைக்கு அருகே, நடுவில், மேலே என்று பாருங்கள். சராசரி 8 வந்து ஒரு ஃப்ளூட் 4, இன்னொன்று 12 என்று இருந்தால் அந்த டூல் நான்கு பல்லில் வெட்டவில்லை என்று அர்த்தம். நாங்கள் கூட்டியோ குறைத்தோ 2 மைக்ரானுக்குள் வைத்துக்கொள்கிறோம்.

கழுவுவதும் கட்டி அனுப்புவதும்

வால்நட் தூள் எண்ணெய்ப் பசையோடு ஃப்ளூட் மூலையில் அப்பிக்கொள்ளும். கூலன்ட் துளை உள்ள ட்ரில் என்றால் துளைக்குள் அடைத்துக்கொண்டு, வெற்றிடச் சேம்பரில் சூடேறும்போது வாயுவாக வெளியே வந்து பக்கத்து டூலையும் கெடுக்கும். காற்றை ஊதி, அல்ட்ராசோனிக் தொட்டியில் ஆல்கலைன் கிளீனரில் போட்டு, அயனி நீக்கிய தண்ணீரில் அலசி, உடனே சூடான காற்றில் உலர்த்துங்கள். தொட்டியில் போட்டுவிட்டு சாப்பிடப் போய்விடாதீர்கள், பொருத்தமில்லாத கிளீனரில் அதிக நேரம் கிடந்தால் அங்கேயும் கோபால்ட் கரையும். அதன் பிறகு வெறுங்கையால் தொடக் கூடாது.

ஒவ்வொரு டூலும் தனித்தனிக் குழாயில் போக வேண்டும். கார்பைடும் கார்பைடும் ஒரு தடவை மோதினால் இவ்வளவு நேரம் பார்த்த வேலை ஒரே நொடியில் போச்சு.

டெலிவரி சலானில் கட்டாயம் எழுத வேண்டியவை: விளிம்பு தயார், ஆரம் இவ்வளவு, கோட்டிங் தடிமன் இவ்வளவு, கோட்டிங்குக்கு முன் விளிம்பில் பிளாஸ்டிங் செய்ய வேண்டாம். கடைசி வரி முக்கியம். நிறைய கோட்டிங் சென்டர்களில் வரும் டூலை எல்லாம் வழக்கமாக ஒரு தடவை பிளாஸ்ட் பண்ணிவிட்டுத்தான் சேம்பருக்குள் ஏற்றுவார்கள், சொல்லாவிட்டால் உங்கள் 8 அவர்கள் கையில் 13 ஆகிவிடும். உலோகப் பற்று வைத்து (பிரேசிங்) ஒட்டிய டூல் என்றால் அதையும் சொல்லுங்கள். பிரேசிங்கில் காட்மியமோ துத்தநாகமோ இருந்தால் வெற்றிடத்தில் ஆவியாகி சேம்பரையே பாழாக்கும்.

திரும்பி வந்தபின்

ஆர்க் முறையில் (மின்பொறியால் உலோகத்தை ஆவியாக்கி) போட்ட கோட்டிங்கில் சின்னச் சின்னத் துளிகள் உறைந்து நிற்கும், தடவினால் லேசாகச் சொரசொரக்கும். அதே ட்ராக் ஃபினிஷிங்கில் மெல்லிய மீடியாவில் அரை நிமிடம், ஒரு நிமிடம் விட்டால் வழவழப்பாகிவிடும். அதற்கு மேல் விட்டால் விளிம்பில் கோட்டிங்கே மெலியும்.

பிறகு ஒரே மெஷின், ஒரே ஹோல்டர், ஒரே ஹீட்டில் (ஒரே தடவை உருக்கியதில்) வந்த ஸ்டீல் என்று வைத்து, விளிம்பு தயார் செய்ததையும் செய்யாததையும் ஓட்டிப் பாருங்கள். டூல் உடையும்வரை ஓட்ட வேண்டாம், சமமான தூரம் வெட்டியதும் இரண்டையும் இறக்கி மைக்ராஸ்கோப்பில் வையுங்கள். வெள்ளைக் கோடும் பொக்கையும் ஆரம்பத்திலேயே வந்தால் ஆரம் போதவில்லை, அல்லது கிரைண்டிங்கில் பொக்கை இருந்திருக்கிறது. கோட்டிங் அப்படியே இருக்க, வேலைப்பொருளில் பர் அதிகம், ஸ்பிண்டில் லோடு கூடுதல், மெல்லிய சுவர் தள்ளிக்கொண்டு போகிறது என்றால் ஆரம் அதிகமாகிவிட்டது, 2 மைக்ரான் குறையுங்கள். முதலில் நன்றாக ஓடி, திடீரென்று ஒரு ஃப்ளூட் மட்டும் தேய்ந்தால் விளிம்பைக் குறை சொல்லாதீர்கள், போய் ரன் அவுட்டைப் பாருங்கள்.

அந்த இஎன் 24 வாடிக்கையாளர் இப்போதும் எங்களிடம்தான் வருகிறார். ஒரு தடவை மட்டும், புதிதாக வாங்கிய கோட்டிங் இன்சர்ட்டுகளைக் கொண்டுவந்து "இதையும் கொஞ்சம் உங்க தொட்டியில் போட்டுக் கொடுங்கண்ணே" என்றார். போடவில்லை. அவற்றின் விளிம்பைத் தயாரித்தவர்களே உருட்டி, அதற்கு ஏற்ற தடிமனில் கோட்டிங் போட்டுத்தான் டப்பாவில் அடைத்திருப்பார்கள். தொட்டியில் போட்டால் போவது அந்தக் கோட்டிங்தான்.